குணப்பட்டியலும் தண்டல் கணக்கும்

சென்னைப் பல்கலைக்கழக இணைப்புக் கல்லூரிகளில் பி.பி.ஏ., பி.காம். மாணவர்கள் படிக்கிற தாள்களில் ஒன்று 'தொழில்முனைவோர் மேம்பாடு'. இதில் ஒரு நிரந்தரக் கேள்வி உண்டு: வெற்றிபெறும் தொழில்முனைவோரின் குணங்களை விவரி. தன்னம்பிக்கை, துணிவு, புதுமை நாட்டம் என்று பாயின்ட் பாயின்ட்டாக எழுதினால் மார்க். புதுமையையே மனப்பாடம் பண்ணச் சொல்கிற வேடிக்கை இருக்கட்டும். மூலதனம் யாரிடம் இருக்கிறது என்கிற கேள்வியை, குணம் யாரிடம் இருக்கிறது என்கிற கேள்வியாக இந்தப் பட்டியல் மாற்றிவிடுகிறது. அதன் அரசியல் இங்கேதான் இருக்கிறது.

பாடநூல்கள் ஷும்பீட்டரிலிருந்து தொடங்கும். 1911-இல் அவர் முன்வைத்த தொழில்முனைவு ஒரு செயல்பாடு: புதுப் பொருள், புது உற்பத்தி முறை, புதுச் சந்தை, புது மூலப்பொருள் ஆதாரம், புது அமைப்பு. இவற்றை நிகழ்த்தக் கடன் வேண்டும். ஆகவே வங்கியாளர் அவருடைய கோட்பாட்டின் நடுவில் இருக்கிறார். நஷ்ட அபாயமும் கடன் கொடுத்தவருடையதே என்பது அவர் வாதம். பாடநூலோ நாயகனை வைத்துக்கொண்டு வங்கியாளரை ஓரங்கட்டிவிட்டது. சிட்பி, தமிழ்நாடு தொழில் முதலீட்டுக் கழகம் என்று பெயர்கள் ஓர் அலகில் வரும். யாருக்குக் கடன் கிடைக்கவில்லை என்பது வராது.

அடுத்தவர் மெக்லிலேண்ட். 1964-இல் காக்கிநாடாவின் தொழில் வணிகர்களுக்குச் 'சாதனை வேட்கை'ப் பயிற்சி நடந்தது. சாதியும் மரபும் தடையாக இல்லை என்று அதன் முடிவைப் பாடநூல்கள் ஒரு வரியில் ஒப்பிக்கின்றன. பயிற்சிக்கு வந்தவர்கள் ஏற்கெனவே தொழிலில் இருந்தவர்கள். வாசலைத் தாண்டியவர்களிடம் வாசலைப் பற்றிக் கேட்டால் வேறென்ன பதில் வரும்?

சைதாப்பேட்டை பஜார் ரோட்டுக்கு வருவோம். கோயம்பேட்டில் விடியுமுன் சரக்கெடுத்து, மாலைக்குள் விற்றுத் தீர்க்கிற காய்கறிக்கார அக்காவிடம் பட்டியலிலுள்ள குணமெல்லாம் உண்டு. இவருக்கு வாய்த்த வங்கியாளர் தண்டல்காரர். உதாரணமாகக் கையில் 850 ரூபாய், திருப்புவது தினம் பத்தாக நூறு நாள் என்றால், ஆண்டு வட்டி நூறு சதவீதத்தைத் தாண்டும். 'மழைங்க, யாவாரமே இல்ல' என்றால், 'அதெல்லாம் தெரியாதுக்கா, இன்னிக்குக் காசு வை' என்பதே பதில். அபாயம் முழுக்க அவர் தலையில். 2020-இல் தெருவோர வியாபாரிகளுக்கு ஜாமீனில்லாமல் 10,000 ரூபாய் கடன் தரும் திட்டத்தை மத்திய அரசு கொண்டுவந்தபோது, பற்றாக்குறை குணத்தில் அல்ல, கடனில்தான் என்பது ஒப்புக்கொள்ளப்பட்டுவிட்டது.

மறைமலையடிகள் பாலத்தைத் தாண்டினால் கிண்டி தொழிற்பேட்டை. 1958-இல் அங்கே அரசு தந்தது மனோபாவப் பயிற்சி அல்ல; கொட்டகை, சாலை, மின்சாரம். சிறுதொழில்கள் வந்தன.

இந்தத் தாளே வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. முதல் தலைமுறைப் பட்டதாரி கடை வைத்துத் தோற்றால், 'நமக்கு அந்தக் குணம் இல்ல' என்று தன்னையே குற்றவாளியாக்கிக்கொள்ள இது கற்றுத்தருகிறது. அதுதான் ஆபத்து. எனவே யாருக்குக் கடன், என்ன வட்டி, எந்த ஜாமீன் என்பது முதல் அலகாகட்டும். மாணவர்கள் தண்டல் கணக்கை வகுப்பில் போட்டுப் பார்க்கட்டும். குணப்பட்டியல் கடைசியில் வரட்டும்.