காக்கும் நாகமும் அகழும் குறளும்: ‘தங்கலான்’ தொன்மத்தின் சொற்களம்

1. முன்னுரை

மண்ணுக்கடியில் பொன், அதனை அகழும் குள்ளர், அதன்மேற் சுருண்டு கிடக்கும் பெரும்பாம்பு. இம்மூன்றும் இணைந்த தொன்மம் வட ஐரோப்பிய மரபில் வேரூன்றி, 1937இல் வெளிவந்த டோல்கினின் ‘ஹாபிட்’ வழியாக உலகெங்கும் பரவியது. இத்தகைய கதைகளைத் தமிழாக்குவோர் முதலில் இடர்ப்படுவது பாத்திரங்களின் பெயர்களில்தான். கோலார் தங்கவயலைக் களமாகக் கொண்டு பா. இரஞ்சித் இயக்கி 2024 ஆகஸ்டில் வெளிவந்த ‘தங்கலான்’ திரைப்படம், இத்தொன்மத்திற்கு நெருங்கிய ஒன்றைத் தமிழிலேயே படைத்துள்ளது. அகழ்வோனுக்கும் காப்போனுக்கும் இடையிலான பகை தமிழ்ச் சொற்களத்தில் எவ்வாறு பொருள் மாறுகிறது என்பதையும், அம்மாற்றத்தில் அப்படம் எய்தியதையும் தவறவிட்டதையும் இக்கட்டுரை ஆராய்கிறது.

2. சொல்லும் பொருளும்

‘டிராகன்’ என்பதற்குத் தமிழில் நிலைத்த ஒற்றைச் சொல் இல்லை. விவிலியத்தின் பழைய மொழிபெயர்ப்பு ‘வலுசர்ப்பம்’ என்றது. பின்வந்த பொது மொழிபெயர்ப்பு ‘அரக்கப் பாம்பு’ என்றது. ‘பறவைநாகம்’ என்னும் புத்தாக்கமும் உண்டு. இவற்றுள் முதலாவது வலிமையையும், இரண்டாவது கொடுமையையும், மூன்றாவது வடிவத்தையும் சுட்டுகின்றன. ஆயின் மூலமான கிரேக்கச் சொல்லைப் ‘பார்த்தல்’ என்னும் பொருளுடைய வேரோடு இணைப்பர் சொற்பிறப்பியலார். அதன்படி டிராகன் என்பது கண்ணிமையாது நோக்கிக் கிடப்பது; அதாவது காவல் புரிவது. தமிழாக்கங்கள் மூன்றிலும் விடுபட்டது இக்காவற்பொருளே.

அப்பொருள் தமிழில் இல்லாமலில்லை, வேறிடத்தில் உள்ளது. ‘புதையலைப் பூதம் காத்தாற்போல’ என்னும் வழக்கில் காவல் பூதத்திற்குரியது. கோயிற் கூரையின் கீழ் அமையும் பூதவரியில் அப்பூதங்கள் குறுகிய கை கால்களும் பருத்த வயிறும் உடைய குள்ள வடிவினவாகவே செதுக்கப்பட்டுள்ளன. செல்வத்திற்கு இறைவனாகிய குபேரனின் வடிவமும் அத்தகையதே. கூத்தப்பெருமானின் காலடியிற் கிடக்கும் முயலகன் குள்ளன். அவன் கையில் இருப்பதோ பாம்பு. எனவே தமிழ் மரபில் குள்ளமும் பாம்பும் பகைக்கும் இரு துருவங்கள் அல்ல. பெரும்பாலும் ஒரே பக்கத்தன.

‘குறள்’ என்னும் சொல்லின் நிலையும் நோக்கத்தக்கது. யாப்பில் அது குறளடியாய் அளவைச் சுட்டும். புறநானூற்று 28ஆம் பாடலில் உடற்குறைகளுள் ஒன்றாய் எண்ணப்படும். திருமாலின் வாமன வடிவைச் சுட்டும்போது உலகளக்கும் ஆற்றலை உள்ளடக்கும். சுரங்கத் தொழிலையோ உலோகத் திறனையோ அது எவ்விடத்தும் குறிப்பதில்லை. ஆகவே ஐரோப்பியக் கதையின் குள்ளரைக் ‘குறளர்’ என்றோ ‘குள்ளர்’ என்றோ பெயர்க்கும்போது உருவம் வந்து சேர்கிறது. தொழில் வந்து சேர்வதில்லை.

3. மூன்று இடங்கள்

பெயர்களை விடுத்து வினைகளை நோக்கினால் இத்தொன்மத்தின் அமைப்பு தெளிவாகும். அகழ்பவன், காப்பவன், கொள்பவன் என மூன்று இடங்கள் இதில் உள்ளன. ஹெரோடோட்டசு கூறும் இந்தியக் கதையில் நரியினும் பெரிய எறும்புகள் பொன்மணலை அகழ்ந்து மேலெறிகின்றன. மாந்தர் அதனை அள்ளிக்கொண்டு ஒட்டகத்தில் ஓடுகின்றனர். மகாபாரதத்தின் சபா பருவமும் தருமனுக்குத் திறையாக வந்த எறும்புப்பொன்னைக் கூறுகிறது. இங்கு அகழ்வதும் துரத்துவதும் எறும்பு, கொள்பவன் வேறு.

வட ஐரோப்பியப் பழங்கதையில் பாம்பாகிப் பொன்மேற் கிடக்கும் பாஃப்னிரும், குள்ள உருவினனாகிய கொல்லன் ரெகினும் உடன்பிறந்தோர். பாம்பு பிறவியால் வந்ததன்று, பொன்னாசையால் விளைந்தது. ‘ஹாபிட்’ கதையிலோ அவ்வுறவு அற்றுவிடுகிறது. குள்ளர் அகழ்ந்த மலையைச் ஸ்மாக் என்னும் பாம்பு கவர்ந்து காக்கிறது. காப்பவனும் கொள்பவனும் ஒருவராகிவிட்டபடியால் பாம்பைக் கொல்வதே அறமாகிறது. இன்று பரவலாக அறியப்படுவது இப்பிந்தைய வடிவமே.

4. ‘தங்கலான்’ காட்டும் மாற்றம்

வட ஆர்க்காட்டுச் சிற்றூரிலிருந்து ஆங்கிலேயன் கிளமெண்டுடன் பொன் தேடிச் செல்லும் தங்கலான் அகழ்பவன். நாகர் குலத்தவளாகிய ஆரத்தி காப்பவள். கொள்பவன் முற்பிறவியில் அரசன், இப்பிறவியில் கிளமெண்டு. மூன்று இடங்களையும் இவ்வாறு பிரித்து நிறுத்தியதே படத்தின் முதற்சிறப்பு. அச்சத்தின் உருவாக முதலில் தோன்றும் ஆரத்தி, தங்கலானின் சொந்த முன்வரலாற்றோடு பிணைந்தவள் எனப் பின்னர்த் தெரிகிறது. தன் பகை என எண்ணியது தன் உறவே என அகழ்பவன் அறியும் இடம், வடபுலத் தொன்மத்தின் பழைய படிவத்தை அறிந்தோ அறியாமலோ மீட்கிறது.

நாகர், பௌத்தம் என்னும் இணைப்பும் தற்செயலானதன்று. 1956 அக்டோபரில் நாகபுரி உரையில் அம்பேத்கர் நாகர்களைப் பௌத்தம் பரப்பியோராக எடுத்துரைத்தார். தங்கவயலின் மாரிக்குப்பத்தில் அயோத்திதாசரின் இயக்கத்தைச் சார்ந்த பௌத்தச் சங்கம் அதற்கு முன்பே இயங்கியது. ‘தமிழன்’ இதழை 1926 முதல் அப்பாதுரையார் தங்கவயலிலிருந்தே நடத்தினார். எனவே படத்தில் வரும் புத்தர் சிலை அம்மண்ணின் தொழிலாளர் தாமே படித்தும் அச்சிட்டும் வளர்த்த சிந்தனையின் தொடர்ச்சியாகும்.

5. தவறவிட்ட இடம்

எனினும் குறை ஒன்று உண்டு. 1802இல் ஜான் வாரன் மாரிக்குப்பம் பகுதியில் கண்டது ஊரார் குழி தோண்டி மண் அரித்துப் பொன் எடுத்த முறை. படம் நிற்பதும் ஏறத்தாழ அந்நிலையிலேயே. ஜான் டெய்லர் நிறுவனம் 1880இல் கால்கொண்ட பின்னரே படிகப்பாறையைப் பிளந்து செல்லும் ஆழ்சுரங்கம் உருவாயிற்று. சாம்பியன் ரீஃப் சுரங்கம் 3 கிலோமீட்டருக்கும் கீழே சென்றது. பாறைவெடிப்பு, சிலிக்கா தூசியால் வரும் நுரையீரல் நோய் ஆகியவையே அங்கு அகழ்வோனை எதிர்நின்ற பாம்புகள். 1956இல் மைசூர் அரசு சுரங்கங்களை ஏற்றது. 2001 பிப்ரவரி 28இல் அவை மூடப்பட்டன. எஞ்சியவை சயனைடு கலந்த கழிவுமண் மேடுகள். இந்நூற்றிருபது ஆண்டுகளுக்குரிய தொன்மத்தைப் படம் தரவில்லை. அதனாற் காப்பவளின் மொழி செறிவாக இருக்க, அகழ்பவனின் தொழில்மொழி மெலிந்து ஒலிக்கிறது.

6. முடிவுரை

தங்கவயலின் ஒரு பகுதிக்கும் அங்கிருந்த சுரங்கத்திற்கும் வழங்கும் பெயர் கோரமண்டல். சோழமண்டலம் என்னும் தமிழ்ச்சொல் ஐரோப்பியர் நாவிற் புகுந்து, ழகரமும் ஈறும் இழந்து, சுரங்கப் பெயராகி, மீண்டும் தமிழெழுத்திற்கு அயற்சொல்லாகத் திரும்பியது. அங்குக் குடியேறிய தமிழர் தம் சொல்லையே பிறர் சொல்லாக வழங்கினர். தொன்மங்களின் நிலையும் இதுவே. பொன்காக்கும் பாம்பை ‘அரக்க’ அடையோடு தமிழாக்கும்போது காப்பவர் கொடியவராகிறார். கொள்பவர் கதையிலிருந்தே மறைகிறார். மொழிபெயர்ப்பாளர் உருவத்திற்குச் சொல் தேடுமுன், அவ்வுருவம் அகழ்கிறதா, காக்கிறதா, கொள்கிறதா என வினையை வினவுதல் வேண்டும். அவ்வினாவை எழுப்பியதில் ‘தங்கலான்’ பயனுடைய படைப்பு. சுரங்கக்குழிக்குள் இறங்கும் அடுத்த படைப்பு அதனை நிறைவு செய்யக்கூடும்.