கால் அங்குலக் கணக்கு

சென்னை நூம்பல் வெயிலுக்கு ஒட்டுப்போர்வை எதற்கு என்று கேட்பது நியாயம்தான். ஆனால் நடுவில் பஞ்சு வைத்தே ஆகவேண்டும் என்று விதியில்லை. வங்காளத்துக் காந்தா, பழைய பருத்திப் புடவைகளை அடுக்கி நூலோட்டியே உருவாவது. நம் மழைக்கால இரவுக்கு அந்தக் கனம் போதும். கடையில் மலிவாகக் கிடைப்பதற்கு இத்தனை பாடா என்பது இன்னும் வலுவான கேள்வி. அப்படிப் பாடுபடுவதில்தான் ருசியே இருக்கிறது. தையல்கடையில் கழித்த துண்டுகளில் ஒன்பதைக் கால் அங்குல ஓரம் விட்டு வரிசையாக இணைத்தால் எட்டுத் தையல். ஒவ்வொன்றும் அரைக்கால் அங்குலம் கூடுதலாகத் துணியை விழுங்கினால் வரிசையே ஓர் அங்குலம் குறைந்துவிடும், அடுத்த வரிசையோடு மூலை சேராது. பிரித்துத்தான் தைக்கவேண்டும். அலசாத புதுத்துணியோ பிறகு சுருங்கும், சாயமும் விடும். இத்தனைக்கும் பிறகு நான்கு மூலைகள் ஒரே புள்ளியில் கூடினால், விரல் தானாக அங்கே போய்த் தடவிப் பார்க்கும். விலைக்கு வாங்கிய போர்வையில் அந்த இடத்தை யாரும் தேடுவதில்லை.