ஆயாவுக்கு ஒரு வரி

சாவுக்குப் பறையடிக்க மாட்டோம்னு எங்க சேரி எதிர்த்து நின்ன கதையை ஆயாதான் சொல்லுச்சு. அதை வைத்து ஓர் ஆய்விதழுக்குக் கட்டுரை எழுதினேன். துணைநூற்பட்டியலில் இருந்த ஆயாவின் பெயரை எடுக்கச் சொல்லித் திருப்பிவிட்டார்கள். ஏ.பி.ஏ. முறைப்படி, வாசகர் தேடிப் பிடிக்க முடியாத வாய்ச்சொல் 'தனிப்பட்ட தொடர்பு'. கட்டுரைக்குள் அடைப்புக்குறியோடு சரி, பட்டியலில் இடமில்லை.

1909இல் சாதிகளைப் பற்றி ஏழு தொகுதி போட்ட தர்ஸ்டனுக்கும், உதவிய ரங்காச்சாரிக்கும் முழு வரி உண்டு. அவங்களுக்கு வாயால சொன்னவங்க யாரு? அச்சேறினால் சான்று, ஆயா வாயில் இருந்தால் அரட்டையா?

கனடாவில் லொரீசியா மெக்லியோட் 2021இல் ஒரு படிவம் வெளியிட்டார். பூர்வகுடி மூத்தோரின் பெயர், இனம், வாழிடம், பேசிய பொருள், தேதி எல்லாம் பட்டியலிலேயே ஏறும். அதன்படி எழுதி மறுபடி அனுப்பினேன். குடும்பப்பெயர் முதலில் வேணுமாம். ஆயாவுக்கு ஒத்தப் பேருதான். அதையே போட்டேன்.