கல்லாவில் செலவழிக்காதீர்கள்!

டெஸ்கோ சூப்பர் மார்க்கெட் தரும் கிளப்கார்டைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் எனக்கு நேரம் போவதே தெரியாது. ஊரிலிருந்து லண்டனுக்குப் புதிதாகக் குடிவரும் எந்தக் குடும்பத்தைப் பார்த்தாலும், வீடு கிடைத்துவிட்டதா, டாக்டரிடம் பதிந்தாயிற்றா என்று விசாரித்த கையோடு நான் கேட்பது, "கிளப்கார்டு எடுத்தாச்சா?" அட்டைக்குக் காசு கிடையாது. செல்போனில் செயலியை இறக்கிப் பெயர், முகவரி கொடுத்தால் அன்றைக்கே பயன்படுத்தலாம். எடுத்து வைத்திருப்பவர்கள் ஏராளம். அதை முழுசாகக் கறப்பவர்கள்தான் குறைவு. அந்த வித்தையைச் சொல்லத்தான் எனக்குக் கை பரபரக்கிறது.

கணக்கு எளிது. கடையில் 1 பவுண்டுக்கு 1 பாயிண்ட். டெஸ்கோ பெட்ரோல் நிலையத்தில் 2 பவுண்டுக்கு 1 பாயிண்ட். 100 பாயிண்ட் என்றால் 1 பவுண்டு வவுச்சர். பிப்ரவரி, மே, ஆகஸ்ட், நவம்பர் என்று மூன்று மாதத்துக்கு ஒரு முறை கணக்குப் பார்த்து, 150 பாயிண்டாவது இருந்தால் வவுச்சராக்கி அனுப்புகிறார்கள். அதற்குக் குறைந்தாலும் வீணாகாது, அடுத்த கணக்கில் சேர்ந்துவிடும். வாரம் 80 பவுண்டுக்குச் சாமான் வாங்கும் குடும்பத்துக்கு வருஷத்தில் 4,160 பாயிண்ட் சேரும். அதாவது 41 பவுண்டு 60 பென்ஸ். பெரும்பாலோர் அதைக் கல்லாவில் நீட்டி, பாலுக்கும் ரொட்டிக்கும் கழித்துவிடுகிறார்கள். தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள்!

ஏனென்றால் அதே வவுச்சரை டெஸ்கோவின் ரிவார்ட் பார்ட்னர்களிடம் கொண்டுபோனால் மதிப்பு இரண்டு மடங்கு. 2023 ஜூன் வரை மூன்று மடங்காக இருந்தது. இரண்டு மடங்கே எனக்குப் போதும் போதும் என்று இருக்கிறது. 41 பவுண்டு 60 பென்ஸ், 83 பவுண்டு 20 பென்ஸ் ஆகிவிடுகிறதே! பீட்சா எக்ஸ்பிரஸில் சாப்பிடலாம், டிஸ்னி பிளஸ் சந்தா கட்டலாம், கார் நடுவழியில் நின்றால் வந்து உதவும் ஆர்ஏசி உறுப்பினர் கட்டணத்தைக் கட்டலாம், பிள்ளைகளை வின்ட்சர் லெகோலாந்துக்குக் கூட்டிப் போகலாம்.

இத்தனையிலும் என் மனதுக்குப் பிடித்தது ரயில்கார்டுதான். குடும்ப ரயில்கார்டின் விலை 35 பவுண்டு. வவுச்சரில் 17 பவுண்டு 50 பென்ஸ் போட்டால் போதும். அதன் பிறகு ஒரு வருஷம் முழுக்கப் பெரியவர்கள் டிக்கெட்டில் மூன்றில் ஒரு பங்கும், 5 முதல் 15 வயது வரையுள்ள பிள்ளைகள் டிக்கெட்டில் 60 சதவீதமும் தள்ளுபடி. ஒரே கார்டில் நான்கு பெரியவர், நான்கு பிள்ளைகள் வரை போகலாம் என்பதால் ஊரிலிருந்து வந்திருக்கும் அம்மா அப்பாவையும் சேர்த்துக்கொள்ளலாம். வெங்காயமும் பாலும் வாங்கிய புண்ணியத்தில் ஒரு குடும்பமே வருஷம் முழுக்க மலிவாக ரயிலேறுகிறது! எனக்கு இது இன்னும் அதிசயமாகவே இருக்கிறது.

ஒரு நுணுக்கம் உண்டு. வவுச்சருக்கு ஆயுள் இரண்டு வருஷம். பார்ட்னருக்கான கோடாக மாற்றிவிட்டால் அதற்குத் தனிக் கெடு. பல இடங்களில் அது மாதக்கணக்கில்தான். அதனால் முன்கூட்டியே மாற்றி வைக்காமல், எங்கே போகிறோம் என்று முடிவான பிறகு மாற்றுவதுதான் நல்லது. இதையே திருப்பிப் போட்டும் பயன்படுத்தலாம். வவுச்சர் காலாவதியாகப் போகிறது, செலவுக்கு வழி தெரியவில்லை என்றால், கடைசி வாரத்தில் நிச்சயம் போகப்போகிற ஓர் இடத்தின் கோடாக மாற்றிவிடுங்கள். இன்னும் சில மாதம் கையில் இருக்கும்.

இதெல்லாம் பாயிண்ட் கதை. தினப்படிப் பணத்தைக் காப்பாற்றுவது கிளப்கார்டு பிரைஸ். 2019இல் வந்தது. அலமாரியில் மஞ்சள் நிற அட்டை தொங்கினால் அந்த விலை கார்டு வைத்திருப்பவர்களுக்கு மட்டும். மதியச் சாப்பாட்டுக்கு வாங்கும் மீல் டீலிலேயே 40 பென்ஸ் குறைகிறது. தீபாவளி நெருங்கும்போது பெரிய பாசுமதி மூட்டைக்குப் போடும் விலையைப் பார்த்தால் எனக்கு இரண்டாகத் தூக்கி வண்டியில் வைக்கத் தோன்றும். சாதா விலையை வேண்டுமென்றே ஏற்றிவிட்டுக் குறைப்பதுபோல் காட்டுகிறார்கள் என்று சந்தேகப்படுகிறவர்கள் உண்டு. பிரிட்டனின் போட்டி, சந்தைகள் ஆணையம் ஐந்து சூப்பர் மார்க்கெட்டுகளில் ஏறக்குறைய 50,000 பொருள்களின் கார்டு விலையை ஆராய்ந்து 2024 நவம்பரில் அறிக்கை வெளியிட்டது. அதில் 92 சதவீதப் பொருள்களில் தள்ளுபடி நிஜம். கார்டு விலையில் வாங்கினால் சராசரியாக 17 முதல் 25 சதவீதம் வரை மிச்சம். படித்தபோது என் சொந்தக்காரருக்கு நல்ல பெயர் கிடைத்தது மாதிரி சந்தோஷப்பட்டேன்.

அதற்காக மஞ்சள் அட்டையைப் பார்த்ததுமே எடுத்துவிடக் கூடாது. அதே ஆணையம், கார்டு விலைதான் எப்போதும் குறைந்த விலை என்று நினைத்துவிட வேண்டாம் என்றும் சொல்கிறது. விலைச்சீட்டில் பொடி எழுத்தில் கிலோவுக்கு எவ்வளவு, 100 கிராமுக்கு எவ்வளவு என்று போட்டிருப்பார்கள். நான் பார்ப்பது அதைத்தான். பெயர் பெற்ற கம்பெனியின் பருப்பு கார்டு விலையில் கிடைத்தாலும், டெஸ்கோவின் சொந்தப் பாக்கெட் அதைவிட மலிவாக இருக்கக்கூடும். கறிவேப்பிலையும் முருங்கைக்காயும் என்றைக்கும் ஈஸ்ட் ஹாம் தமிழ்க் கடையில்தான். அதில் பேச்சே இல்லை.

பெரிய கிளைகளில் ஸ்கேன் ஆஸ் யூ ஷாப் என்று ஒரு கைக்கருவி கிடைக்கும். கார்டைக் காட்டினால் ஒன்றை எடுத்துக்கொள்ளலாம். பொருளை நாமே ஸ்கேன் செய்து நேராகப் பையில் போட்டுக்கொண்டே போகலாம், மொத்தம் எவ்வளவு ஆயிற்று என்று திரையில் ஏறிக்கொண்டே வரும். மாதக் கடைசியில் இதைப்போல் உதவி வேறில்லை. 60 பவுண்டுக்கு மேல் போகக் கூடாது என்று நினைத்தால் 60இல் நின்றுவிடலாம். என் மகளுக்கு அந்தக் கருவியைப் பிடிப்பதற்காகவே கடைக்கு வரப் பிடிக்கும்.

இந்தக் கார்டின் பிறப்பே ஒரு நல்ல கதை. கிளைவ் ஹம்பி, எட்வினா டன் என்ற கணவனும் மனைவியும் 1989இல் தொடங்கிய டன்ஹம்பி என்ற சிறு நிறுவனம்தான், சில கிளைகளில் நடந்த சோதனையின் பில் விவரங்களை அலசி டெஸ்கோ நிர்வாகத்திடம் வைத்தது. முப்பது வருஷத்தில் தனக்குத் தெரியாதது இவர்களுக்கு மூன்று மாதத்தில் தெரிந்துவிட்டதே என்று அப்போதைய தலைவர் இயன் மெக்லாரின் மலைத்துப்போனாராம். 1995 பிப்ரவரியில் நாடு முழுக்கக் கார்டு வந்தது. எலெக்ட்ரானிக் கிரீன் ஷீல்டு ஸ்டாம்ப் என்று, பழைய ஸ்டாம்ப் புத்தகத் திட்டத்தோடு ஒப்பிட்டு அதை மட்டம்தட்டிய போட்டி சூப்பர் மார்க்கெட்டான சைன்ஸ்பரீஸ், அடுத்த வருஷமே தன் கார்டைக் கொண்டுவந்தது!

நாம் வாங்குவதையெல்லாம் அவர்கள் பார்க்கிறார்களே என்று பக்கத்து வீட்டு அக்கா கவலைப்படுவார். பார்க்கத்தான் செய்கிறார்கள். அது பிடிக்காதவர்கள் கார்டு எடுக்காமலிருப்பது நியாயம். எனக்குச் சம்மதம். நான் வாங்கும் தயிருக்கும் கடலைக்கும் கூப்பன் வருவது அதனால்தான். செயலியில் கிளப்கார்டு சேலஞ்ச் தலைகாட்டினால் திறந்து பார்த்துவிடுங்கள். எப்படியும் வாங்கப்போகும் காய்கறிக்குக் கூடுதல் பாயிண்ட் என்று அதில் இருந்தால், விட மனசு வருமா?

ஒரே வீட்டில் கணவன், மனைவி இருவரிடமும் தனித்தனிக் கணக்கு இருந்தால் ஒன்றாக இணைத்துவிடுங்கள். அங்கே 90, இங்கே 110 என்று சிதறிக் கிடப்பது 200 ஆகிவிடும். நாங்கள் இணைத்த பிறகுதான் ரயில்கார்டுக்கு வேண்டிய வவுச்சர் மளமளவென்று சேர்ந்தது. ஆகஸ்ட் கணக்கு வந்ததும் கிங்ஸ் கிராஸில் ரயிலேறி யார்க்குக்குப் போகப்போகிறோம். அங்கே தேசிய ரயில் அருங்காட்சியகத்துக்கு நுழைவுக் கட்டணம் கிடையாது. மதியச் சாப்பாடு பீட்சா எக்ஸ்பிரஸில், அதுவும் வவுச்சரில்தான்.