எந்தப் பக்கம் மெல்றீங்க?

2020 ஊரடங்கில் என் அத்தைக்கு வலது கடைவாய்ப் பல் குடையத் தொடங்கியது. வாட்ஸ்அப்பில் அனுப்பிய படத்தைப் பார்த்து மருத்துவர் மாத்திரை எழுதித் தந்தார். ஐந்தாம் நாள் அவரே போனில் கேட்டார்: "இப்ப வலி எப்படிம்மா இருக்கு?" "சுத்தமா இல்லைங்க டாக்டர்." மூன்று மாதத்தில் கன்னம் வீங்கியது, பல்லைப் பிடுங்க வேண்டியதாயிற்று.

அத்தை பொய் சொல்லவில்லை. பல்லுக்குள் இருக்கும் நரம்பு செத்தால் வலி நின்றுவிடும்; தொற்று வேர் நுனியில் ஓசையில்லாமல் பரவும். தொலைவிலிருந்து பல் வைத்தியம் பார்த்துவிட்டு, நோயாளி சொல்வதைக் கொண்டு பலனை அளக்கும் முறையின் பெரிய ஓட்டை இதுதான்.

ஆனாலும் அந்த முறையை நான் தள்ளிவிட மாட்டேன். இதற்குப் பரவலாகப் பயன்படுவது ஓஹெச்ஐபி-14 என்ற கேள்விப் பட்டியல். ஆஸ்திரேலியாவில் உருவான 49 கேள்விகளை 1997இல் கேரி ஸ்லேட் 14 ஆகச் சுருக்கினார். சாப்பாட்டைப் பாதியில் நிறுத்த நேர்ந்ததா, பேச்சு குழறியதா, வெளியில் கூச்சமாக இருந்ததா என்று அது கேட்கும். ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 4 வரை மதிப்பெண். கூடினால் பாதிப்பு அதிகம். எக்ஸ்ரே இதையெல்லாம் சொல்லாது. பல்செட் கச்சிதமாகப் பொருந்தியது என்று மருத்துவர் குறித்துவைத்திருப்பார். பாட்டியோ சாப்பாட்டு வேளையில் அதைக் கழற்றி டம்ளர் தண்ணீரில் போட்டுவிட்டு, ரசஞ்சாதத்தைக் குழையப் பிசைந்து விழுங்குவார். அவரே வாய்திறந்து சொன்னால்தான் அது தெரியவரும்.

சிக்கல், கருவியைக் கையாளும் விதத்தில். மூலப் பட்டியல் கடந்த 12 மாத அனுபவத்தைக் கேட்கிறது. போன் ஆலோசனை முடிந்து ஒரு வாரத்தில் அதையே கேட்டால் பழைய வலியும் புதிய நிம்மதியும் கலந்துவிடும். பதில் சொல்வது யார் என்பதும் முக்கியம். போனைப் பிடித்திருக்கும் மகன், "அம்மா நல்லா இருக்காங்க" என்பார். பஸ் ஏறி அலையாமல் வேலை முடிந்த திருப்தியும் மதிப்பெண்ணில் ஏறிக்கொள்ளும். ஈறு நோயும் புகையிலை போடுபவர் கன்னத்தில் படரும் வெள்ளைப் படையும் பெரும்பாலும் வலிப்பதே இல்லை. நேரில் பார்த்தால் கண்ணாடியும் விளக்கும் பதிலைச் சரிபார்க்கும். தொலைவில் அந்தச் சாட்சி இல்லை. அதனால், வலி நின்றது என்ற பதில் வந்தாலும் நேரில் ஒருமுறை வாயைப் பார்க்காமல் குணமானதாகக் கணக்கெழுதக் கூடாது.

கேள்வியும் மாற வேண்டும். வலி போன பிறகும் அத்தை இடது பக்கமாகவே மென்றுகொண்டிருந்தார். எந்தப் பக்கம் மெல்கிறீர்கள் என்று அவரை யாரும் கேட்கவில்லை.