மிஞ்சிய துணியின் வடிவம்

அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில், ஜீஸ் பெண்ட் கிராமத்துக் கறுப்பினப் பெண்கள் தைத்த ஒட்டுத்துணிப் போர்வைகளின் அழகுக்குத் துணித் தட்டுப்பாடே வடிவம் கொடுத்தது என்பேன். 1972-இல் சியர்ஸ் நிறுவனத்துக்குத் தலையணை உறை தைக்கும் வேலை வந்தது. மிஞ்சிய கார்டுராய் வெட்டுத்துண்டுகள் வீடுகளுக்குப் போயின. வளைத்துத் தைக்க இடம்கொடாத தடித்த துணி, நிறங்களும் சிலவே. அதனால் அகலமான பட்டைகளும் நேர்க்கோடுகளும் வந்தன. ஒரு கோடு சற்றே சாய்ந்தாலும் எத்தனை உயிர்ப்பு! வறுமையைக் கலையென்று கொண்டாடலாமா என்று சிலர் கேட்பார்கள். நியாயமான கேள்விதான், குளிர் தாங்கத்தான் அவர்கள் தைத்தார்கள். ஆனால் குளிருக்கு எப்படி ஒட்டினாலும் போதுமே. போர்வைக்காக வெட்டிய வெளுத்த வேலைக் கால்சட்டையில், பையைப் பிரித்த இடத்தில் மட்டும் நிறம் மங்காத கருநீலச் சதுரத்தை எங்கே வைப்பது என்பது ரசனை எடுத்த முடிவு. 2002-இல் ஹூஸ்டன் நுண்கலை அருங்காட்சியகம் அந்த முடிவுகளைத்தான் சுவரில் மாட்டியது.