மெருகும் மூலமும்

சுந்தரர் பிறந்த திருநாவலூர், பாட்டைக் குரல்வழியே காத்த மரபினை அறிந்த ஊர். அங்கே அன்பர் ஒருவர் இல்லத்தில், ‘இசைமுரசு’ மர்ஹூம் நாகூர் ஈ.எம். ஹனிபா (1925–2015) அவர்களின் பழைய இசைத்தட்டு ஒன்றையும், அதே பாடலைச் ‘சீரமைத்து’ வெளியிட்ட புதிய தட்டையும் அடுத்தடுத்துக் கேட்டோம்.

பழையதில் கீறலோசையும் இரைச்சலும் உண்டு. புதியதில் அவை இல்லை. ஆயினும் நம் உள்ளம் நிறையவில்லை. தட்டின் இரைச்சலும் ‘ஸ’, ‘ஷ’ முதலிய உரசொலிகளும் பெரும்பாலும் ஒரே உயர் அதிர்வெல்லையில் வாழ்வன. இரைச்சலை அளவின்றி அறுத்தால் எழுத்தின் கூர்மையும் உடன் அறுபடும். ஸலாமும் ஸலவாத்தும் மழுங்கி ஒலிப்பதைப் பாடகரின் குற்றமென நாளைய சிறுவன் எண்ணிவிடலாகாது அன்றோ? மேலும், தாழ்ந்த குரலையும் உச்சக் குரலையும் ஒரே உரப்பில் நிறுத்தியுள்ளனர். தாழ்ந்து பின் ஓங்குவதே அக்குரலின் வீறு. சமன் செய்தபின் முரசு ஏது?

அச்சிலும் குறையுண்டு. நடுத்துளை சற்றே விலகினாலும் ஒவ்வொரு சுற்றிலும் சுருதி அசையும். நீண்ட கார்வைகளில் அவ்வசைவைக் கேட்டோம்.

நிறையையும் மறைத்தல் தகாது. முன்பு புதைந்திருந்த பக்க இசை இப்போது தெளிவாகக் கேட்கிறது. பழந்தட்டுகள் தேய்ந்துவரும் நிலையில் மறுபதிப்பு தேவையே. ஆனால் மூல நாடாவிலிருந்து எடுத்ததா, தேய்ந்த தட்டிலிருந்து எடுத்ததா என்பதை உறையில் அச்சிடல் வேண்டும். அறிவிப்பாளர் தொடர் அறிந்தே ஹதீஸை ஏற்பது நம் மரபு. குரலுக்கும் ஓர் இஸ்னாது வேண்டுமென்பதே நம் கோரிக்கை.